பூட்டாத முன்சக்கரம்

"ஆச்சுங்க" என்று சொல்லிவிட்டு அவள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். மடியில் துண்டை விரித்து இரண்டு கைகளையும் அழுத்தித் துடைத்தாள். துடைக்க அவற்றில் துளி மண்கூட இல்லை. இல்லை என்பது பக்கத்தில் இருக்கும் மனுஷருக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்றுதான் அந்தத் துடைப்பு.

அவர் அவள் கையைப் பார்க்கவே இல்லை. "சரி" என்று தலையாட்டினார். கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆச்சு என்றால் ஆச்சு.

இந்தப் பழைய ஜீப்புகளில் ஒரு சங்கடம் உண்டு. முன்சக்கரம் சும்மா உருளும் சக்கரம். அதன் நடுவில் உள்ளங்கைக்குள் அடங்குகிற மாதிரி ஓர் இரும்புத் திருகு இருக்கும். இறங்கிப் போய் இரண்டு பக்கமும் அதைக் கையால் திருப்பிப் பூட்டினால்தான் இன்ஜினின் பலம் முன்சக்கரத்துக்கும் போகும். பூட்டாவிட்டால் பின்சக்கரம் இரண்டு மட்டும் கிடந்து மல்லாட வேண்டியதுதான். பழைய வண்டிக்காரர்கள் சங்கத்தில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. ஓட்டுகிறவர் இறங்க மாட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கிப் பூட்டிவிட்டு வந்து "ஆச்சு" என்று சொல்ல வேண்டும். அதை ஓட்டுகிறவர் எட்டிப் பார்த்துச் சரிபார்த்தால், ஒரு வருஷத்துக்கு அதைச் சொல்லியே கிண்டலடிப்பார்கள்.

இன்று காலை, சங்கத்து ஜீப்புகள் கிளம்பும் இடத்தில் அவள் இறங்கினாள், முன்சக்கரத்தின் பக்கத்தில் குனிந்தாள், நிமிர்ந்தாள். மறுபக்கம் போய் அதே மாதிரி குனிந்து நிமிர்ந்தாள். திருகைத் தொடவே இல்லை.

ஏன் என்று கேட்டால் அது அவருடைய காலில் போய் நிற்கும். சர்க்கரை நோய் அவருக்குப் பல வருஷமாக இருந்தது. முதலில் வாயைக் கட்டிப் போட்டது, பிறகு காலுக்கு இறங்கிவிட்டது. ஒரு நாள் வாசலில் செருப்பைக் கழற்றாமலேயே ஒற்றைச் செருப்போடு கூடம் வரைக்கும் வந்தார். இன்னொரு செருப்பு தெருவிலேயே கழன்று கிடந்தது. அது போனதும் தெரியவில்லை, வெறுங்காலில் கல் குத்தியதும் தெரியவில்லை. அவள்தான் ஓடிப்போய் எடுத்துவந்தாள்.

டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். தொடுவது தெரிந்தால் "ஆமா" என்று சொல்ல வேண்டும். "ஆமா, ஆமா, ஆமா" என்று அவர் தாளம் தப்பாமல் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் டாக்டர் கையை எடுத்துவிட்டார். அப்போதும் அவர் "ஆமா" என்றார். டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

"கார் ஓட்டுறதை நிறுத்திடுங்க" என்றார் டாக்டர்.

மனுஷர் வீட்டுக்கு வந்ததும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையாக, கார் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டார். அவள் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள்; காரை அவள்தான் எப்படியும் கடைக்கு எடுத்துப் போவாள். ஆனால் ஜீப் சாவி அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. கேட்டதற்கு, "டாக்டர் காரைத்தானே சொன்னார்? ஜீப்பைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா?" என்றார். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்த ஜீப்புக்குப் பெயர் பச்சை. அவள் வைத்த பெயர் சக்களத்தி. மின்கம்பி இன்ஸ்பெக்டராக அவர் மலையெல்லாம் அலைந்தது அதில்தான். இலாகா அதைக் கழித்துக்கட்டி இரும்புக் கடைக்கு அனுப்பவிருந்தபோது, தாம் ஓய்வு பெறுவதற்கு முன்னாலேயே ஏலத்தில் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "கூட வேலை பார்த்தவளை அடிமாட்டுக்கு அனுப்புவாங்களா?" என்று கேட்ட மனுஷர். அதனிடமிருந்து அவரைப் பிரிக்க அவள் கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள், வெளியூரிலிருக்கும் மகளைப் போனில் பேசச் சொன்னாள். "என் கால் எனக்குத் தெரியாதா?" என்று ஒரே கத்து.

கடைசியில் அவளுக்கு இந்த யோசனை வந்தது. சங்கத்தின் வருடாந்தர ஜீப் ஓட்டத்தில், கிளம்பியதும் ஒரு வழுக்கு மேடு வரும். முன்சக்கரம் பூட்டாத வண்டி அதில் பாதி ஏறி, பின்சக்கரம் சுற்றி, சேற்றை வாரி இறைத்துவிட்டு நின்றுவிடும். கயிறு கட்டி இழுப்பார்கள். எல்லார் முன்னாலும் பச்சை தோற்றுப்போகும். 'வண்டிக்கு வயசாயிடுச்சு' என்று ஊர் சொல்லும், அவரும் மெல்ல நம்பிவிடுவார். பழி அவர் கால் மேல் விழாது, வண்டி மேல் விழும். அவர் தலை குனியாமல் வீட்டோடு இருந்துவிடலாம். இவ்வளவு காலம் சோற்றில் பங்கு கேட்ட சக்களத்தி இதைக்கூடச் செய்யக் கூடாதா என்றுதான் அவள் நினைத்தாள்.

இன்று அவள் "ஆச்சுங்க" என்று சொல்லி உட்கார்ந்த கையோடு சர்வேயர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். நிலம் அளக்கிற வேலை பார்த்தவர்; சங்கத்துக்குப் பாதை குறித்துக் கொடுப்பவர்.

"அண்ணே, பாதையை மாத்தியாச்சு. ராத்திரி மழையில அந்த மேடு அரிச்சுக்கிட்டுப் போயிடுச்சு. இந்தப் பக்கம் சரிவுல இறங்கி, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏறிக்கலாம். நீங்கதான் முதல்ல. அண்ணி, கெட்டியாப் பிடிச்சுக்குங்க."

அவளுக்கு ஒரு கணம் திக்கென்றது. பிறகு தானே சமாதானம் செய்துகொண்டாள். இறக்கம்தானே? இறங்குவதற்கு எந்தச் சக்கரமும் இழுக்க வேண்டாமே, தானாகவே போகுமே. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறும்போது நின்றால் போதும். இத்தனை வருஷமாக அந்தத் திருகைத் திருப்பியவள், அது எதற்கு என்று ஒரு நாளும் முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டதில்லை. ஏறுவதற்கு என்று மட்டும் தெரியும். அவள் செய்த தப்பு அதுதான்.

சரிவின் விளிம்பில் ஜீப் மூக்கைக் கீழே நீட்டியது. கண்ணாடிக்கு வெளியே தரையே தெரியவில்லை. தூரத்தில் ஓடைப் பாறைகள்தான் தெரிந்தன. அவள் பக்கம் செம்மண் சுவர், அவர் பக்கம் வெறும் பள்ளம். அவர் கியரை மிகக் குறைந்ததில் போட்டார். அப்புறம் ஒரு காரியம் செய்தார். இரண்டு கால்களையும் பெடல்களிலிருந்து எடுத்து, இருக்கைக்கு அடியில் ஒதுக்கி, தரையில் பதித்து வைத்துக்கொண்டார்.

"என்னங்க, பிரேக்கு?"

"பிரேக் எதுக்கு? நாலு சக்கரத்தையும் இன்ஜினே பிடிச்சுக்கும். காலே தேவையில்லை. ஒரு குழந்தையை இறக்கிவிடுற மாதிரி இறக்கிவிடுவா பாரு."

அவள் அவர் காலைப் பார்த்தாள். காலே தேவையில்லை. அவருக்குத் தெரியும். தன் காலைப் பற்றி அவருக்கு எல்லாம் தெரியும். கத்தியதெல்லாம் வெறும் கத்தல். தன் காலை நம்பாமல், அதற்கு மாற்றாக நாலு சக்கரத்தை நம்பித்தான் அவர் இந்தச் சரிவில் இறங்குகிறார். அந்த நாலில் இரண்டை அவள் பறித்து வைத்திருக்கிறாள்.

சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் வண்டி இறங்கத் தொடங்கியிருந்தது.

முதல் கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனது. "ஸ்டியரிங் என்ன இவ்வளவு லேசா இருக்கு" என்று அவர் முணுமுணுத்தார். ஈரக் களிமண் வந்ததும் பின்பக்கம் மெல்ல வழுக்கியது. அவர் திருப்பிச் சரிசெய்தார். மறுபடியும் வழுக்கியது, இந்தத் தடவை பள்ளத்தின் பக்கம். வேகம் கூடியது.

"ஏம்மா, லாக் போட்டியா?"

அவர் இந்தக் கேள்வியை இதற்கு முன் கேட்டதே இல்லை.

"இல்லைங்க" என்றாள். "போடலை. வேணும்னுதான் போடலை."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டவும் இல்லை. வலது கால் இருக்கைக்கு அடியிலிருந்து வந்து பெடலைத் தேடியது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிற கை மாதிரி அது அங்கும் இங்கும் அலைந்ததை அவள் பார்த்தாள். ஒரு பெடலைக் கண்டுபிடித்து மிதித்தது. இன்ஜின் அலறியது. மிதித்தது ஆக்சிலேட்டரை.

"அது இல்லைங்க! அது இல்லை!"

ஜீப் பாய்ந்தது. அவர் இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஸ்டியரிங்கை மண் சுவரின் பக்கம் ஒடித்தார். முன் மூலை சுவரில் போய்ச் செருகிக்கொண்டது. அவள் தலை கம்பியில் மோதியது. இன்ஜின் விக்கிவிட்டு அணைந்தது.

மேலேயிருந்து சர்வேயரின் குரல் கேட்டது. "அண்ணே! அசையாதீங்க! கயிறு எட்டாது! வேற கயிறு கொண்டுவரச் சொல்றேன்!"

சுவரின் மண் பொலபொலவென்று பானெட் மேல் உதிர்ந்தது. உதிர உதிர ஜீப் கொஞ்சம் கொஞ்சமாக நழுவியது. கயிறு வரும்வரை சுவர் தாங்காது என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் கைப்பிரேக்கை இழுத்தார். அது பின்சக்கரத்தை மட்டும் பிடிக்கிற பிரேக். சேற்றில் அதற்கு என்ன மரியாதை?

"நான் இறங்கிப் பூட்டிடறேன்" என்றாள்.

"இறங்காதே."

"இப்போ பூட்டலைன்னா—"

"இறங்காதேன்னா கேளு!" அவர் குரல் உடைந்தது. "நீ முன்னாடி போய் நிப்பே. என் கால் பிரேக் மேல இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியலை. சத்தியமாத் தெரியலைடி."

வருஷக்கணக்காக அவள் கேட்கக் காத்திருந்த வார்த்தை. இந்த இடத்திலா வர வேண்டும்? அவள் குனிந்து பார்த்தாள். கால் பிரேக்கின் ஓரத்தில் பாதியும் வெளியில் பாதியுமாகக் கிடந்தது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கினாள். கனமாக இருந்தது, சில்லென்று இருந்தது. பெடலின் நடுவில் வைத்து, முழங்காலுக்கு மேல் தொடையில் கையை வைத்து அழுத்தினாள்.

"இங்கே தெரியுதா?"

"தெரியுது."

"பொய் சொல்லாதீங்க."

"தொடை தெரியுதும்மா."

"அப்போ பாதத்தை மறந்துடுங்க. தொடையால அழுத்துங்க. நான் கூப்பிட்டா இன்னும் அழுத்துங்க."

சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் உடம்பைச் செருகி அவள் இறங்கினாள். கைக்கு எட்டிய கற்களைப் புரட்டி முன்சக்கரங்களுக்கு அடியில் திணித்தாள். அவள் பக்கத்துத் திருகு மண் அப்பிக் கிடந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துத் திருப்பினாள். நகம் பிய்ந்தது. திருகு ஒரு கடகடப்போடு திரும்பியது.

மறுபக்கம் போக, வண்டியின் மூக்குக்கு முன்னால்தான் கடக்க வேண்டும். கடந்தாள். பானெட்டுக்கு மேலே கண்ணாடி வழியாக அவர் முகம் தெரிந்தது. தொடையை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளத்தின் பக்கம் கால் வைக்க ஒரு பாதம் அளவுதான் இடம். அவள் டயரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அந்தத் திருகு அசைய மாட்டேன் என்றது.

டயர் அவள் தோளைத் தள்ளியது. முதலில் கல் நகர்ந்தது, அடுத்து டயர் அதன் மேல் ஏறியது.

"அழுத்துங்க! தொடை! தொடையை அழுத்துங்க!"

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. டயர் நின்றது. அந்தச் சின்ன அசைவில் திருகும் இடம் கொடுத்துவிட்டது போலும். இந்தத் தடவை முழுதாகத் திரும்பிப் பூட்டிக்கொண்டது. அவள் டயரில் நெற்றியை வைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள். அதற்கு மேல் அழ நேரமில்லை.

அவர் பக்கத்துக் கதவருகே நின்று, "இப்போ போகலாமா?" என்று கேட்டாள்.

"நீ ஓட்டு."

"எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க."

"எனக்கும்தான் தெரியலை. உனக்குக் காலாவது இருக்கு."

அவள் ஒரு காலை உள்ளே விட்டு, பிரேக் மேல் வைத்து முழு பலத்தோடு மிதித்தாள். "நீங்க காலை எடுத்துட்டு அந்தப் பக்கம் நகருங்க."

"எடுத்துட்டேனே."

"எடுக்கலைங்க. என் கால் உங்க கால் மேலதான் இருக்கு."

"அப்படியா?" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி அவள் கேட்டதில்லை. குனிந்து, தன் முழங்காலைக் கையால் பிடித்து இழுத்து, யாருடைய காலையோ நகர்த்துகிற மாதிரி நகர்த்திக்கொண்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

அதன் பிறகு அவர் பேச்சில் ஒரு தடுமாற்றமும் இல்லை. "கியர்ல இருக்கு, அப்படியே இருக்கட்டும். கிளட்சைத் தொடாதே. சாவியைத் திருப்பு. இன்ஜின் பிடிச்சதும் காலை எடுத்துடு. என்ன ஆனாலும் பிரேக்கைத் தொடக் கூடாது. வண்டி பிடிச்சுக்கும். நம்பு."

அவர் கைப்பிரேக்கை இறக்கினார். அவள் சாவியைத் திருப்பினாள். ஜீப் ஒரு குலுங்கு குலுங்கி, சுவரிலிருந்து மூக்கைப் பிடுங்கிக்கொண்டு, கல்லின் மேல் ஏறி இறங்கியது. அவள் காலை எடுத்தாள். எடுத்ததும் உயிரே போனது மாதிரி இருந்தது. ஆனால் வண்டி பாயவில்லை. நாலு சக்கரமும் மண்ணைக் கவ்விக்கொண்டு, பிடிவாதமாக, உறுமிக்கொண்டே ஒவ்வோர் அடியாக இறங்கியது. ஸ்டியரிங் கனத்தது. வழுக்குகிற இடங்களில்கூட ஏதோ ஒரு சக்கரம் விட்டால் இன்னொன்று பிடித்தது. இத்தனை வருஷம் இந்த மனுஷர் எதைப் பற்றி ஓயாமல் பேசினாரோ அது அவளுக்கு இப்போதுதான் கைக்கு எட்டியது. சக்களத்தியைப் பிடித்துப்போவது அவளுக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

ஓடைக்கரையில், கூழாங்கல் பரப்பில் தரை சமமானது. "இப்போ கிளட்சை அமுக்கு. பிரேக். அவ்வளவுதான்" என்றார். வண்டி நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

"கோபமா?" என்று கேட்டாள்.

"இல்லாம? அதை வீட்டுக்குப் போய் வச்சுக்கலாம்."

முழங்கால்வரை சேற்றோடு சர்வேயர் ஓடிவந்தார். பின்னாலேயே இன்னும் சில பேர் வந்தார்கள். "அண்ணே, அண்ணி, அடி ஒண்ணும் படலையே? எனக்கு அப்பவே தெரியும். லாக் உள்ளே பல் தேஞ்சுபோயிருக்கும். பூட்டினாலும் பிடிக்காது. இந்த வயசு வண்டி எல்லாமே இப்படித்தான். போதும் அண்ணே, ஓரம் கட்டிடுங்க. பச்சை ஓடின வரைக்கும் ஓடிடுச்சு."

அவள் விரும்பியது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல், வேறு வாயிலிருந்து வந்து விழுந்தது. அவர் ஒரு "உம்" சொன்னால் போதும். யாரும் அவர் காலைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

அவர் பானெட் மேல் கிடந்த மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாக்ல ஒண்ணும் இல்லை. வண்டியில ஒண்ணுமே இல்லை, தெரிஞ்சுக்குங்க. என் கால்தான். ரெண்டு காலும் மரத்துப்போச்சு. பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிச்சேன். இனிமே நான் ஓட்ட மாட்டேன். ஆனா பச்சை மேல யாரும் பழி போடாதீங்க."

"நான்தான் பூட்—" என்று அவள் ஆரம்பித்தாள்.

"உன்னை யாரும் கேட்கலை" என்று அவர் வெட்டினார்.

சர்வேயர் "சரி அண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு மேலே போனார். அடுத்த வண்டியை நிறுத்த வேண்டுமே.

ஓடைத் தண்ணீரின் சத்தமும் இன்ஜினின் சத்தமும் மட்டும் இருந்தன. அவள் கியரை விடுவித்தாள். இன்ஜினை அணைக்கப் போனாள்.

"இரு. கிளட்ச்ல கால் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன்."

"எப்படி இருக்கு?"

"எப்படின்னா?"

"கொஞ்சம் அமுக்கிப் பார்த்துச் சொல்லேன்."

அவள் அமுக்கினாள். "முதல்ல லூசா இருக்கு. அப்புறம் ஒரு இடத்துல கனமாகுது. அந்த இடத்துல... நடுங்குதுங்க. பூனைக்குட்டியைத் தூக்கினா வயிறு நடுங்குமே, அந்த மாதிரி."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"போன வருஷம் அந்த நடுக்கம் நின்னுபோச்சு" என்றார். "வண்டிக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சு கிளட்சைப் பிரிச்சுப் போடச் சொன்னேன். ஒண்ணும் இல்லைன்னு சொன்ன மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திரும்பப் பிரிச்சான். பாவம். பச்சை செத்துப்போச்சுன்னு நினைச்சு ராத்திரியெல்லாம் தூங்கலை நான். இப்பவும் நடுங்குதா?"

"நடுங்குது."

"நல்லா?"

"நல்லாவே நடுங்குதுங்க."

மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அதை அவர் துடைக்கவில்லை. "காலை எடுத்துடாதே" என்றார். "அப்படியே வச்சிருந்து, எப்படி இருக்குன்னு சொல்லிக்கிட்டே இரு."

அவள் சொல்லத் தொடங்கினாள்.